மெல்லிய அடியைக் கேட்டு வாங்குங்கள்

வீட்டு அறையில் உட்கார்ந்து இசையமைக்கும் இளைஞர்கள் பலருக்கு டிரம்ஸ்தான் பெரிய தலைவலி. கிட் வைக்க இடமில்லை, சுற்றிலும் மைக் வைத்துப் பதிவு செய்யக் காசில்லை, அக்கம்பக்கத்தார் பொறுக்கமாட்டார்கள். அதனால் டிரம்ஸ் மென்பொருள் ஒன்றைக் கணினியில் ஏற்றி, கீபோர்டில் தட்டி வேலையை முடிக்கிறார்கள். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால், எதை வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, 'எது பெரிசு, எதில் கிட் அதிகம்' என்றுதான். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: அதில் மெல்ல அடித்தால் எப்படி ஒலிக்கிறது?

ஓங்கி அடித்த ஸ்நேரை யாரும் நன்றாகப் பதிவு செய்துவிடலாம். விளம்பரத்துக்காகப் போட்டுக் காட்டும் பாடல்கள் பெரும்பாலும் அந்த உரத்த அடிகளால்தான் நம்மை மயக்குகின்றன. நல்ல டிரம்மரின் கை தெரிவது இரண்டு பெரிய அடிகளுக்கு நடுவில். குச்சியை இரண்டு அங்குல உயரத்திலிருந்து விழவிட்டுத் தொடுகிறாரே, 'கோஸ்ட் நோட்' என்கிறோமே, அங்கே தோலின் ஓசை குறைவு. அடித்தோலை ஒட்டியிருக்கும் கம்பிகளின் சரசரப்புதான் அதிகம். ஓங்கி அடிக்கும்போது அது தலைகீழாகிறது: கட்டையும் விளிம்பும் சேர்ந்து வெடிக்கின்றன, கம்பிகள் பின்னால் போய்விடுகின்றன. இரண்டும் வேறு வேறு ஒலிகள். வால்யூமை மாற்றி ஒன்றிலிருந்து இன்னொன்றைச் செய்ய முடியாது.

மலிவாகச் செய்த மென்பொருள் செய்வது அதைத்தான். மிடியில் அடியின் வேகத்தை 1 முதல் 127 வரை எண்களால் குறிக்கிறோம். நேர்மையாகப் பதிவு செய்தவர்கள் அந்த 127 படிகளுக்குள் பல தனித்தனி அடிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். மற்றவர்கள் மூன்று, நான்கு அடிகளை வைத்துவிட்டு மீதியை வால்யூமில் சரிக்கட்டுவார்கள். கண்டுபிடிப்பது எளிது. ஸ்நேரை மட்டும் எடுத்து, 10-இல் தொடங்கி 120 வரை படிப்படியாக ஏறும் அடிகளை வரிசையாக எழுதி ஓடவிடுங்கள். ஓசையின் நிறம் சீராக மாறிக்கொண்டே போக வேண்டும். ஓரிடத்தில் சட்டென்று வேறு டிரம் வந்து உட்கார்ந்தது போலிருந்தால் அங்கே அடுக்குக்கு அடுக்கு இடைவெளி அதிகம். அடுத்து, ஒரே 90-இல் பதினாறு அடிகள் எழுதுங்கள். ஒவ்வொரு வேகத்துக்கும் மாற்று அடிகள் பதிவாகியிருந்தால் மனிதன் வாசிப்பதாகவே காதில் விழும். இல்லையென்றால் மெஷின் கன் சத்தம்தான். இந்த இரண்டு சோதனைக்கும் பத்து நிமிடம் போதும். கால வரம்புள்ள சோதனைப் பிரதியோ, சில கிட்களை மட்டும் கொடுக்கும் இலவசப் பிரதியோ கிடைத்தால், இதை முடிக்காமல் அட்டையை நீட்டாதீர்கள்.

ஸ்நேருக்கு அடுத்து ஹை-ஹாட். உண்மையைச் சொன்னால், புரோகிராம் செய்த டிரம்ஸ் பெரும்பாலும் பிடிபடுவது இங்கேதான். பொது மிடி அட்டவணையில் அதற்கு மூன்றே இடம்: 42 மூடியது, 44 காலால் மூடுவது, 46 திறந்தது. டிரம்மரின் இடது கால் மூன்று நிலையில் நிற்பதில்லை. பாட்டு பல்லவியை நெருங்கும்போது பெடலை ஒரு நூல் தளர்த்துகிறார், தகடுகள் லேசாக உரசுகின்றன, பாட்டுக்குச் சூடு ஏறுகிறது. எத்தனை திறப்பு நிலைகள் பதிவாகியிருக்கின்றன, குச்சியின் நுனியால் அடித்ததும் தண்டால் விளிம்பில் அடித்ததும் தனியாக இருக்கிறதா, மிடியின் 4-ஆம் கண்ட்ரோலரால் பெடலைத் தொடர்ச்சியாக நகர்த்த முடிகிறதா என்று பாருங்கள். சிம்பல் எண்ணிக்கையைப் பிறகு எண்ணிக்கொள்ளலாம்.

டிரம்ஸ் ஒலிகளைப் பதிவு செய்து வாசிக்கும் தொழில்நுட்பம் வந்த வழியும், எண்ணிக்கை பெரிதல்ல என்பதைத்தான் சொல்கிறது. உண்மையான டிரம் ஒலிகளை டிஜிட்டலாகச் சேமித்து வாசித்த முதல் டிரம் மெஷின், 1980-இல் ரோஜர் லின் கொண்டுவந்த எல்எம்-1. அதில் கிராஷும் ரைடும் கிடையாது. சிம்பலின் நீண்ட ஓசையைச் சேமிக்கும் அளவுக்கு நினைவகச் சில்லு அன்று மலிவாக இல்லை. இன்று ஸ்வீடனின் டூன்டிராக் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட சுப்பீரியர் டிரம்மர் 3-இல் மட்டும் 230 ஜிபிக்கு மேல் ஒலிகள். பெல்ஜியத்தின் கேலக்ஸி ஸ்டூடியோவில் ஜார்ஜ் மாசன்பர்க் பதிவு செய்தவை. ஆனால் அளவு மட்டும் நிஜத்தைக் கொண்டுவந்துவிடாது. அதே நிறுவனத்தின் 'டிரம்கிட் ஃப்ரம் ஹெல்' தொகுப்புக்கு மெஷுகா குழுவின் டிரம்மர் தாமஸ் ஹாக்கே வாசித்துக் கொடுத்தார். 2005-இல் வந்த 'கேட்ச் தர்ட்டித்ரீ' ஆல்பத்துக்கு அந்தக் குழு டிரம்ஸைப் புரோகிராம்தான் செய்தது. உலகம் வியக்கும் டிரம்மரைக் கூடவே வைத்துக்கொண்டு அவர்கள் எடுத்த முடிவு அது. கைகால் எங்கே போகும், எங்கே போகாது என்று தெரிந்தவர்கள் எழுதியதால் அது நின்றது.

நம் ஊர்ப் பாட்டுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இங்கே கிட் தனியாக வாசிப்பது குறைவு. தவிலோ, தபலாவோ, டோலக்கோ பக்கத்தில் இருக்கும். ஏற்கெனவே கம்பிரஸ் செய்து, ஈக்யூ போட்டு, மெட்டல் இசைக்கென்று முறுக்கிக் கொடுத்த கிட்டைத் தவிலோடு சேர்த்தால் இரண்டும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும். ஸ்டீவன் ஸ்லேட், கெட்குட் போன்றவை கிட்டாரோடு உடனே உட்காரும். அந்த வேலைக்கு எனக்கும் பிடிக்கும். நம் மிக்ஸுக்கோ, ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகவும் பச்சையாகவும் கிடைப்பது நல்லது. பிஎஃப்டி, சுப்பீரியர் இரண்டும் அந்த வகை. கிக் அடிக்கும்போது ஸ்நேர் கம்பி நடுங்குவதுகூட அவற்றில் கேட்கும். அந்தக் கசிவை அசுத்தம் என்று அணைத்துவிடாதீர்கள், கிட் ஒரே அறையில் இருப்பதாகக் காது நம்புவது அதனால்தான். 8 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினிக்கு இவை சுமை. அப்படிப்பட்ட கணினி வைத்திருப்பவர்களுக்கு அடிக்டிவ் டிரம்ஸ் 2 அல்லது ஈஸிடிரம்மர் போதும். கையில் காசே இல்லையென்றால் எம்டி பவர் டிரம்கிட்டில் தொடங்கலாம். லினக்ஸில் இருப்பவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளான டிரம்கிஸ்மோ இருக்கிறது, அதன் கிட்கள் பல மைக்குகளில் பதிவானவை.

மென்பொருளோடு வரும் க்ரூவ்களை நம்பி வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அவற்றில் ராக், பாப், ஃபங்க் நிறைய. 6/8 இருக்கும், ஆனால் அது நம் குத்துப் பாட்டின் 6/8 அல்ல. அழுத்தம் விழும் இடமே வேறு. அதை நாமேதான் எழுத வேண்டும், எழுதும்போது வாசிப்பவருக்கு இரண்டு கைதான் என்பதை மறக்கக் கூடாது. டாமில் ஃபில் ஓடிக்கொண்டிருக்க, ஹை-ஹாட்டும் பதினாறில் விடாமல் அடித்துக்கொண்டிருந்தால் எத்தனை ஜிபி இருந்தும் பயனில்லை.

பட்ஜெட்டில் மிச்சமிருந்தால் இன்னொரு கிட் தொகுப்பை வாங்குவதைவிட, ஒரு டிரம்மரை அழைத்து எலக்ட்ரானிக் பேடில் உட்காரவைத்து ஒரு மணி நேரத்துக்கு நியாயமான சம்பளம் கொடுங்கள். அவர் வாசிப்பது மிடியாகப் பதிவாகும், பிறகு எந்தக் கிட்டுக்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். வாசித்த தடத்தைத் திருத்தும்போது நேரத்தைக் கட்டத்துக்குள் முழுதாக இழுக்காதீர்கள். பிசகான அடியை மட்டும் நகர்த்துங்கள், வேக எண்களைத் தொடவே தொடாதீர்கள். தொகுப்பில் பெயர் போடும்போது அவர் பெயரையும் டிரம்ஸ் என்ற இடத்தில் போடுங்கள்.

கட்டுரையாளர், ஒலிக்கலவைப் பொறியாளர்.