திரை மாற்றிய டேப்லெட் தானாக ஓடுகிறதா? ரீசெட் போடாதீர்கள்!

கேள்வி: "மூன்று ஏக்கரில் மரவள்ளி வைத்திருக்கிறோம். மகள் படிப்புக்கு வாங்கிய டேப்லெட்டில்தான் பண்ணைக் கணக்கும் எழுதுகிறேன். சேகோ ஆலைக்குப் போட்ட கிழங்கின் எடைச்சீட்டு, பாயிண்ட் சீட்டுப் படங்களும் அதில்தான் இருக்கின்றன. கீழே விழுந்து கண்ணாடி உடைந்ததால் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் மாற்றினோம். இரண்டே நாளில் திரையின் அடிப்பக்கம் தொட்டால் வேலை செய்யவில்லை. சார்ஜ் போட்டால் தானாக ஏதேதோ திறக்கிறது. கடைக்காரர் 'ரீசெட் போட்டால் சரியாகிவிடும்' என்கிறார். கம்பெனி சர்வீஸ் சென்டரில் 'வெளியில் கழற்றியதை நாங்கள் தொட மாட்டோம்' என்கிறார்கள். ஆலையிலிருந்து இன்னும் பாக்கி வர வேண்டும். என்ன செய்வது?"
- ஒரு வாசகி, ராசிபுரம் வட்டம்

பதில்: பயிர்க் கேள்விகளுக்கு நடுவே இது ஏன் என்று சிலர் நினைக்கலாம். இன்றைக்கு எடைச்சீட்டும் வங்கிக் கணக்கும் உழவன் செயலியும் இந்தக் கண்ணாடிக்குள்தான் இருக்கின்றன. எனவே இதுவும் விவசாயக் கேள்விதான்.

முதலில், ரீசெட் வேண்டாம். ரீசெட் என்றால் டேப்லெட்டைக் கடையில் வாங்கிய நாளில் இருந்த நிலைக்கு அழித்துவிடுவது. வேறெங்கும் நகல் இல்லாத படமும் கணக்கும் போய்விடும். கண்ணாடி மாற்றிய பிறகு வந்த கோளாறு பெரும்பாலும் கண்ணாடியிலோ அதன் இணைப்பிலோதான் இருக்கும். வேரழுகலுக்கு இலையில் மருந்தடித்த கதையாக, ரீசெட் அதைத் தொடவே தொடாது.

தகவலை வெளியே எடுக்க ஒரு எளிய வழி உண்டு. ஓ.டி.ஜி. கேபிள் என்று செல்போன் கடைகளில் விற்கும் சிறிய இணைப்பானை வாங்கி, கம்ப்யூட்டர் மவுஸைச் செருகுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் திரையில் ஒரு அம்புக்குறி வரும். திரையைத் தொடாமலே எல்லாவற்றையும் இயக்கலாம். மவுஸ் செருகியிருக்கும்போது பொதுவாக சார்ஜ் ஏற்ற முடியாது. அதனால் டேப்லெட்டை அணைத்து வைத்து முழுதாக சார்ஜ் ஏற்றிவிட்டு ஆரம்பியுங்கள். எடைச்சீட்டுப் படங்களை வீட்டில் இன்னொருவர் செல்போனுக்கு அனுப்புங்கள். கணக்குச் செயலியில் நகல் எடுக்கும் வசதி இல்லாவிட்டால் பக்கம் பக்கமாக ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் போதும். ஆலைப் பாக்கி தொடர்பான சீட்டுகளை மட்டுமாவது அன்றைக்கே காகிதத்தில் அச்செடுத்து ஃபைலில் போட்டுவிடுங்கள்.

இனி கோளாறுக்கு வருவோம். விலை குறைந்த டேப்லெட்டுகள் பலவற்றில் மேலே தொடு கண்ணாடி, அதற்குக் கீழே படம் காட்டும் திரை என்று இரண்டும் தனித்தனி. தொடு கண்ணாடியிலிருந்து நாடா போன்ற மெல்லிய கேபிள் ஒன்று உள்ளே பலகைக்குப் போகும். அந்த நாடா முழுதாகச் செருகப்படாமலோ மடிந்தோ போனால் திரையில் ஒரு பட்டை முழுக்க உணர்விழக்கும். ஒரே மாடலிலேயே தொடு கண்ணாடி வகை மாறும். நாடாவில் அச்சடித்த எண் பழையதும் புதியதும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத கண்ணாடி பொருத்தினாலும் இப்படித்தான் ஆகும்.

சார்ஜ் போடும்போது மட்டும் தானாக ஓடுகிறது என்றால் கடையைக் குறை சொல்லும் முன் சார்ஜரையும் பாருங்கள். தொடு கண்ணாடி விரலின் மிகச் சிறிய மின் மாற்றத்தை உணர்ந்து வேலை செய்வது. மட்டமான சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல் அதைக் குழப்பிவிடும். டேப்லெட்டோடு வந்த சார்ஜரை வேறு பிளக்கில் போட்டுப் பாருங்கள். அப்போது சரியாக ஓடினால் சார்ஜரை மாற்றினாலே அந்தப் பாதி தீரும். அடிப்பக்கம் செத்திருப்பது மட்டும் கண்ணாடிக் கோளாறாக நிற்கும்.

அதை நிரூபிக்க வழி டேப்லெட்டிலேயே இருக்கிறது. செட்டிங்ஸில் 'அபௌட்' பகுதிக்குப் போய் 'பில்டு நம்பர்' என்பதை ஏழு முறை அழுத்தினால் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' திறக்கும். அதில் 'பாயிண்டர் லொகேஷன்' என்பதைப் போட்டுவிட்டு விரலால் மேலிருந்து கீழே கோடு இழுங்கள். கோடு எங்கே அறுகிறதோ அங்கே கண்ணாடி வேலை செய்யவில்லை. மேலே ஒட்டிய கார்டு கண்ணாடியை எடுத்துவிட்டுச் சோதியுங்கள். இதை இன்னொரு செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் 'ரீசெட்' பேச்சு எடுபடாது. நாடாவைக் கழற்றி மறுபடி செருகச் சொல்லுங்கள், எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். நியாயமான கடைக்காரர் அரை மணி நேரத்தில் செய்து தருவார், அல்லது வேறு கண்ணாடி போடுவார்.

ஒன்று மட்டும் கவனம். திரை ஒரு பக்கம் தூக்கியிருந்தாலோ பின்மூடி உப்பியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கலாம். சார்ஜ் போடவோ அழுத்தி மூடவோ கூடாது. குழந்தை கையில் கொடுக்கவே கூடாது.

கடைக்காரர் மறுத்தால்? காசு வாங்கிச் செய்யும் பழுதுபார்ப்பும் சேவைதான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேவைக் குறைபாட்டுக்குப் புகார் செய்யலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள், கட்டணம் கிடையாது. அங்கே தீராவிட்டால் நாமக்கல்லில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, 2 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். விதை வாங்கினால் ரசீதையும் மூட்டையில் தைத்த அட்டையையும் அறுவடை வரை வைத்திருங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறோமே, இதற்கும் அதுவேதான். ரசீது தரவில்லையா? செல்போனில் பணம் அனுப்பிய பதிவைத் தேடி எடுத்து வையுங்கள்.

கம்பெனி சொன்னதில் பாதி சரி. கீழே விழுந்து உடைந்ததற்கும், வெளியே மாற்றியதால் வந்த சேதத்துக்கும் வாரண்டி பொதுவாகக் கிடைக்காது. ஆனால் வெளியில் கழற்றிய ஒரே காரணத்துக்காக வாங்கியவரின் எல்லா உரிமையும் போய்விடுமா என்பது வேறு கேள்வி. ஆஸ்திரேலியாவில் ஆப்பிள் நிறுவனம் வெளியில் பழுதுபார்த்த ஐபோன், ஐபேடுகளுக்குத் தீர்வு கிடையாது என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லி வந்தது. அது தவறு என்று 2018-இல் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. நம் நாட்டில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் ஒரு இணையதளமும் தொடங்கியது. அந்தக் குழு எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் செல்போன், டேப்லெட் ஒன்று. விவசாயக் கருவிகள் இன்னொன்று. டிராக்டரும் பவர் டில்லரும் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எனவே சர்வீஸ் சென்டரில் இலவசமாகக் கேட்காமல், காசு கொடுத்தால் எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தத் தொகை புது டேப்லெட் விலையில் பாதியைத் தாண்டினால் நான் செலவழிக்க மாட்டேன். எங்கே கொடுத்தாலும் சிம், மெமரி கார்டைக் கழற்றிக்கொள்ளுங்கள். பணம் அனுப்பும் செயலிகளிலிருந்து வெளியேறிவிட்டுக் கொடுங்கள். திரும்ப வாங்கும்போது கடையிலேயே நின்று மேலிருந்து கீழே அந்தக் கோட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.