எண்ணிக்கைக்கு முன் மண்டியிடும் ஆய்வுலகம்

தாவீது அரசர் செய்த பாவங்களுள் பலரும் மறந்துவிடுகிற ஒன்று உண்டு. பத்சேபாவின் வரலாற்றை அறியாதார் இல்லை. ஆனால் சாமுவேல் இரண்டாம் நூலின் இறுதி அதிகாரம் அவர்மீது சுமத்தும் குற்றம் வேறு. அவர் மக்களை எண்ணினார். படைத்தலைவர் யோவாபு தடுத்தும் கேளாமல், வாளேந்தக் கூடியவர் எத்தனை பேர் என்று ஒன்பது மாதம் இருபது நாள் நாடு முழுவதும் கணக்கெடுக்கச் செய்தார். தொகை கைக்கு வந்து சேர்ந்த பின்னரே அவருடைய மனச்சான்று அவரை வாட்டியது. எண்ணுவதில் என்ன பாவம் என்று கேட்கலாம். உயிருள்ள மக்களை வெறும் எண்ணாகக் கண்டு, அந்த எண்ணின்மீது தம் நம்பிக்கையை வைத்ததே பாவம் என்பர் மறைநூல் விரிவுரையாளர் பலர்.

நம் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் இதே பாவத்தை நாள்தோறும் செய்கின்றன. அதைத் தரம் என்றும் வளர்ச்சி என்றும் பெயரிட்டுக் கொண்டாடுகின்றன.

இயற்பியல் ஆய்வாளரைக் கேளுங்கள், வரலாற்று ஆய்வாளரைக் கேளுங்கள், தமிழாய்வாளரைக் கேளுங்கள். துறைகள் வேறு, முறையீடு ஒன்றே. உதவித்தொகை உரிய காலத்தில் வருவதில்லை. நெறியாளரின் கையொப்பத்தில் வாழ்வே தொங்குகிறது. பட்டம் பெற்றபின் பணி நிச்சயமில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, "எத்தனை கட்டுரை வெளியிட்டிருக்கிறாய்?" என்ற கேள்வி தலைமேல் கத்தியாய்த் தொங்குகிறது. "என்ன கண்டறிந்தாய்?" என்று கேட்பார் அரியர். முன்னைய குறைகள் பழையவை. நிதியும் நிருவாகமும் மனம் வைத்தால் தீரக்கூடியவை. கடைசிக் குறையோ ஆய்வின் உயிரையே அரிக்கிறது. ஆகவே அதைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறேன்.

இந்தக் கணக்கு நல்லெண்ணத்தில்தான் தொடங்கியது என்பதை மறுப்பதற்கில்லை. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிகள், முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்குமுன் ஓர் ஆய்வுக் கட்டுரையேனும் தரமான இதழில் வெளிவந்திருக்க வேண்டும் என்றன. 2010-இல் ஆசிரியர்களின் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் புள்ளிக் கணக்கு வந்தது. நூலுக்கு இத்தனை, கட்டுரைக்கு இத்தனை, கருத்தரங்கில் வாசித்தால் இத்தனை என்று மளிகைக் கடைச் சீட்டைப் போலப் பட்டியல் அமைந்தது. எழுதியதை எவரேனும் படித்துப் பார்த்தாரா என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

தேவை எங்கே உண்டோ அங்கே சந்தை கூடும். பணம் பெற்றுக்கொண்டு எதையும் வெளியிடும் இதழ்கள் உலகெங்கும் முளைத்தன. 2013-இல் ஜான் பொஹானன் என்னும் எழுத்தாளர் 'சயன்ஸ்' இதழுக்காக ஒரு சோதனை செய்தார். ஒரு பொருள் புற்றுநோய் அணுக்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று ஒரு பொய்க் கட்டுரையைப் புனைந்தார். துறையறிந்தவர் சற்றே கூர்ந்து படித்தாலும் பிழை புலப்படும்படி அதை அமைத்தார். எழுதியவரின் பெயரும் கற்பனை, அவர் சார்ந்த நிறுவனமும் கற்பனை. அதனை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன; மறுத்தவை 98 மட்டுமே. புற்றுநோயால் துன்புறும் ஒருவர் நம் வீட்டில் இருந்தால், இச்செய்தியை நகைச்சுவையாகப் படிக்க நமக்கு மனம் வருமா?

நம் நாட்டில் நடந்ததும் இதற்குக் குறைந்ததன்று. 2018 மே மாதத்தில் மானியக் குழு தான் ஏற்பளித்த பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே வீச்சில் நீக்கியது. அதுவரை அவற்றில் எழுதிப் புள்ளி பெற்றவர் எத்தனை பேர்! 2019-இல் வேறொரு பட்டியல் வந்தது. 2025-இல் அதுவும் கைவிடப்பட்டது. முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தையும் 2022-இல் மானியக் குழுவே நீக்கிவிட்டது. விதி போயிற்று, வழக்கம் போகவில்லை. 2016 முதல் வெளிவரும் தேசியத் தரவரிசை, கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணித்தான் நிறுவனங்களின் ஆய்வுத் தகுதியை அளக்கிறது. மேலிருந்து எண்ணினால், கீழே எண்ணாமல் இருப்பார்களா?

தமிழ்த் துறைகள் இந்நோய்க்குத் தப்பின என்று எண்ண வேண்டாம். 'பன்னாட்டுக் கருத்தரங்கம்' என்ற பெயரில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் அரங்கேறுகின்றன. ஆளுக்கு ஐந்து நிமிடம், பிறகு சான்றிதழ். கட்டணம் செலுத்தியவரின் கட்டுரை, நூல் எண் பெற்ற தொகுதியில் இடம் பெறும். தலையணை அளவுள்ள அந்தத் தொகுதியைப் பங்களித்தவர்களே தம் பக்கத்துக்கு அப்பால் புரட்டுவதில்லை. சங்க இலக்கியத்தில் அது, சிலப்பதிகாரத்தில் இது என்று பழைய பொருளே புதிய தலைப்பில் திரும்பத் திரும்ப வருகிறது. பசித்தவனுக்கு உணவு படத்தைக் காட்டி அனுப்புவது போன்றது இது.

கத்தோலிக்கர் நாம் இதைச் சமயக் கண்கொண்டு பார்க்கக் கடமைப்பட்டவர்கள். பிறர் உழைப்பைத் தன் பெயரில் வெளியிடுவது ஏழாம் கட்டளைக்கு எதிரான களவு. காணாததைக் கண்டதாக எழுதுவது எட்டாம் கட்டளைக்கு எதிரான பொய்ச்சான்று. ஆய்வுக் கட்டுரை என்பது, "நான் தேடினேன், இதைக் கண்டேன்" என்று உலகின் முன் அளிக்கும் சாட்சியம் அல்லவா? நீதிமன்றக் கூண்டில் பொய் சொல்லக் கூசுகிற நாம், ஆய்விதழில் சொல்லும் பொய்யை மட்டும் 'பதவி உயர்வுக்கான ஏற்பாடு' என்று மன்னித்துவிடுகிறோம்.

இப்பொய் எந்த ஒரு துறைக்கும் எந்த ஒரு நாட்டுக்கும் உரியதன்று. சண்டிகரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் நிலவியலாளர் வி. ஜே. குப்தா இமயமலையில் கண்டெடுத்ததாக அறிவித்து வந்த புதைபடிவங்கள் பல வேறு நாடுகளுக்கு உரியவை என்று, 1989-இல் ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் டேலண்ட் 'நேச்சர்' இதழில் எடுத்துக்காட்டினார். நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகம் 1927-இல் கத்தோலிக்கக் கல்வி நிறுவனமாகத் தொடங்கியது. அங்கே உளவியல் பேராசிரியராயிருந்த டிடெரிக் ஸ்டாப்பெல், செய்யாத ஆய்வுகளுக்குத் தரவுகளைத் தாமே புனைந்தார் என்பது 2011-இல் வெளிப்பட்டது. 58 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. பொய்த் தரவுகளை அவர் தம் மாணவர்களுக்கும் கொடுத்திருந்தார். பல ஆண்டு உழைப்பில் அவர்கள் எழுதிய ஆய்வேடுகளும் கறைபட்டன. அவரைப் பற்றி முதலில் வாய் திறந்தவர்கள் மூத்த பேராசிரியர்கள் அல்லர். மூன்று இளம் ஆய்வாளர்கள். 2023-இல் ஹிந்தாவி என்னும் ஒரே பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து மட்டும் 8,000-க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. பணம் பெற்றுக் கட்டுரை செய்து விற்கும் கூடங்களின் கைவரிசை அவற்றில் பெரும்பங்கு.

பொய் சொல்லாதவர்களையும் இந்தக் கணக்கு கெடுக்கிறது. சாதகமான முடிவு என்றால் இதழ்கள் வரவேற்கும். 'தேடினேன், கிடைக்கவில்லை' என்றால் கதவடைக்கும். ஆகவே கிடைத்ததை மிகைப்படுத்தியும் கிடைக்காததை மறைத்தும் எழுதும் பழக்கம் நல்லவரிடத்தும் ஒட்டிக்கொள்கிறது. 2015-இல் ஓர் ஆய்வுக் குழுவினர், வெளிவந்த 100 உளவியல் ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்தனர். மூல ஆய்வுகளுள் 97 விழுக்காடு தெளிவான முடிவைக் கண்டதாகக் கூறியிருந்தன. மீளாய்வில் அவ்வாறு தெளிவான முடிவு கண்டவை 36 விழுக்காடு மட்டுமே.

மெய்யான ஆய்வு எப்படியிருக்கும் என்பதற்குத் திருச்சபையின் வரலாற்றிலேயே சான்றுகள் உண்டு. புனித அகுஸ்தீனார் சபைத் துறவி கிரகோர் மெண்டல், 1856 முதல் எட்டு ஆண்டுகள் மடத்துத் தோட்டத்தில் ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்தார். 1866-இல் அச்சான அவரது கட்டுரையை உலகம் பொருட்படுத்தவில்லை. 1884-இல் அவர் இறந்தார். 1900-இல்தான் மரபியல் அவரைத் தன் தந்தையாகக் கண்டுகொண்டது. இன்னொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. வேறொரு செடியினத்தில் அவர் செய்த சோதனைகள் பட்டாணி தந்த முடிவைத் தரவில்லை. அதை அவர் மறைக்கவில்லை. 1869-இல் தம் நகரத்து இயற்கை ஆய்வுக் கழகத்தின் முன் வெளிப்படையாகவே வாசித்தார். இன்றைய புள்ளிக் கணக்கில் மெண்டலுக்கு என்ன கிடைத்திருக்கும்? 'எட்டு ஆண்டில் ஒரு கட்டுரை, மேற்கோள் குறைவு, பதவி உயர்வுக்குத் தகுதியில்லை' என்றுதான் எழுதியிருப்பார்கள்.

தமிழுக்கு வருவோம். இயேசு சபைத் துறவி அந்தாவோ தெ புரோயென்சா தொகுத்த தமிழ் - போர்ச்சுகீசிய அகராதி 1679-இல் அம்பலக்காட்டில் அச்சானது. காலவெள்ளத்தில் மறைந்துபோன அந்நூலின் படியை 1954-இல் வத்திக்கான் நூலகத்தில் கண்டறிந்தவர் தனிநாயகம் அடிகள். அது மறுபதிப்பாகி வெளிவந்தது 1966-இல். பன்னிரண்டு ஆண்டுகள்! ஒரு பழைய நூலைத் தேடி ஏறி இறங்கும் நூலகப் படிகளுக்கு எந்தப் படிவத்தில் கட்டம் இருக்கிறது? ஆயினும் அத்தகைய தேடல்களாலன்றோ தமிழியல் உலகளாவிய துறையாயிற்று!

சமயத்துக்கு வெளியிலும் சான்று உண்டு. 1964-இல் செய்த பணிக்காக 2013-இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸ், அதன்பின் எழுதிய கட்டுரைகள் பத்துக்கும் குறைவு. இன்றைய சூழலில் தமக்குப் பல்கலைக்கழகத்தில் வேலையே கிடைத்திராது என்று அவரே கூறினார்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது வலுவானது. "எண்ணிக்கையை அகற்றினால் நேர்முகத் தேர்வில் சாதியும் பணமும் பரிந்துரையும்தானே பேசும்? ஏழை வீட்டுப் பிள்ளைக்கு, தலித் கிறித்தவ இளைஞருக்கு, யாரும் மறுக்க முடியாத புள்ளி ஒன்றுதானே கேடயம்?" இந்த அச்சத்தை நான் எள்ளளவும் இகழமாட்டேன், நம் நாட்டு அனுபவம் அப்படி. ஆனால் அந்தக் கேடயம் யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? கட்டணம் கட்டக் கூடியவருக்குக் கட்டுரைகள் பெருகுகின்றன. கட்ட முடியாதவர் பின்தங்குகிறார். மாணவர் எழுதியதில் உழைக்காத மேலோரின் பெயர் முதலில் ஏறுகிறது. எதிர்த்தால் கையொப்பம் தாமதமாகும். வறியவரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளும் பெண்களுமே இந்த அடக்குமுறைக்கு முதலில் இரையாகிறார்கள். பாகுபாட்டை எண்ணிக்கை ஒழிக்கவில்லை. அதற்குக் கணக்கு என்னும் அங்கியைப் போர்த்திவிட்டது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. ஜெர்மனியின் தலையாய ஆய்வு நிதியமைப்பு 2010-இல் ஒரு விதி செய்தது. விண்ணப்பிப்பவர் தம் வெளியீடுகளுள் ஐந்தை மட்டுமே காட்டலாம் என்றது அன்றைய அவ்விதி. எத்தனை என்பது போய், எவை என்பது வந்தது. காணிக்கைப் பெட்டியின் எதிரே அமர்ந்த இயேசு, ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசுகளைச் செல்வரின் பெருங்காணிக்கைக்கு மேலாக மதிப்பிட்டார். அவர் அங்கே உட்கார்ந்து, உற்றுப் பார்த்ததால்தான் அந்த மதிப்பீடு இயன்றது. ஆய்வை மதிப்பிடுவோரும் உட்கார்ந்து படிக்க வேண்டும். வேறு குறுக்கு வழியில்லை.

அரசு மாறட்டும் என்று காத்திருக்காமல், நம் மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்தும் கல்லூரிகளே இதைத் தொடங்கலாம். ஆசிரியரை நியமிக்கும்போது அவர் தேர்ந்தளிக்கும் மூன்று படைப்புகளைக் குழுவினர் முழுமையாகப் படிக்கட்டும். படித்துக் கண்டதை எழுதி வைத்து, விண்ணப்பித்தவர் கேட்டால் காட்டட்டும். சாதிக்கும் பரிந்துரைக்கும் எதிராக, புள்ளியைவிட இந்த எழுத்து வலிய கேடயமாகும். மாணவர் கட்டுரையில் உழைக்காதவர் பெயர் ஏறுவதைத் தடை செய்யட்டும். ஆய்வாளரின் முறையீட்டைக் கேட்கத் துறைக்கு வெளியே ஒருவர் இருக்கட்டும். ஆண்டறிக்கையில் இத்தனை நூறு கட்டுரைகள் என்று பெருமை பேசுவதை விடுத்து, இவ்வாண்டு நாம் கண்டறிந்த உண்மைகள் இவை என்று ஐந்தை எடுத்துரைக்கட்டும். தரவரிசையில் சில இடம் கீழே போகலாம். போகட்டும். உண்மைக்குச் சான்று பகர வந்தவரைப் பின்பற்றுவோருக்கு அது பெரிய விலையா?

பொதுநிலையினராகிய நமக்கும் பங்கு உண்டு. கல்லூரி ஆட்சிக் குழுக்களிலும் முன்னாள் மாணவர் மன்றங்களிலும் அமர்ந்திருப்பவர்கள் நாமே. பிள்ளைகளைச் சேர்க்குமுன் தரவரிசை எண்ணைத் தேடுபவர்களும் நாமே. நம் குடும்பங்களில் ஆய்வு செய்யும் மகனோ மகளோ விடுமுறைக்கு வீடு வந்தால், "இன்னும் முடிக்கவில்லையா? எத்தனை கட்டுரை போட்டாய்?" என்று குடைகிறோம். இனியேனும் அருகில் அமர்த்தி, "எதைத் தேடுகிறாய்? என்ன கண்டாய்?" என்று கேட்போம். பதில் விளங்காவிட்டாலும் பொறுமையாகக் கேட்போம். அந்தப் பிள்ளையிடம் அக்கேள்வியை முதன்முதலாகக் கேட்பவர் நாமாகவே இருக்கக்கூடும்.