வளைய வேண்டியது பிளாஸ்டிக், தொழிலாளி அல்ல!

பிளாஸ்டிக் தொழிற்சாலைகளை நடத்தும் முதலாளிமார் நெடுநாளாக ஒரு குறை கூறி வருகிறார்கள். ஆட்கள் கிடைக்கிறார்கள், வேலை தெரிந்த ஆட்கள் கிடைக்கவில்லை என்பதே அந்தக் குறை. இதற்குப் பரிகாரமாக ‘வளைந்து கொடுக்கும்’ தொழிலாளர் படை வேண்டும் என்கிறார்கள். எந்த மெஷினில் நிறுத்தினாலும் அவன் வேலை செய்யவேண்டும், ஆர்டர் பெருகும்போது வரவேண்டும், குறையும்போது போய்விடவேண்டும். அதற்காகப் பயிற்சி கொடுக்கவும் தயார் என்கிறார்கள்.

பயிற்சியை நாம் வேண்டாம் என்போமா? ஒருபோதும் இல்லை. தொழில் தெரிந்தவன் குரலுக்குத்தான் ஆலைக்குள் மதிப்பு. ஆனால், ‘வளைவது’ என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. பிரித்துப் பார்க்காமல் தலையாட்டினால் ஏமாளிகளாவோம்.

முதற்பொருள், பல வேலைகளில் தேர்ச்சி. இது நல்லது. இன்ஜெக்‌ஷன் மெஷினில் கதவைத் திறந்து பொருளை எடுத்து, பிசிறை வெட்டிப் பெட்டியில் போடுவதோடு தொழில் முடிந்துவிடவில்லை. பாலிபுரோப்பிலீன் 200 டிகிரிக்கு மேல் உருகி ஓடவேண்டும். நைலான் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். உலர்த்தாமல் போட்டால் பொருளின் மேல் வெள்ளிக்கோடு விழும், வலுவும் குறையும். பி.வி.சி. அளவுக்கு மீறிச் சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சுப்புகை கிளம்பும். இவற்றை அறிந்தவன் கழிவைக் குறைப்பான். தன் மூச்சையும் காத்துக்கொள்வான். அச்சு மாற்றுவதும் அப்படியே. ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ வகுத்த முறை, மணிக்கணக்கில் நடந்த அச்சு மாற்றத்தைப் பத்து நிமிடத்துக்குள் முடிப்பதை இலக்காக வைத்தது. அதைச் செய்து காட்டக் கைதேர்ந்த தொழிலாளி வேண்டும்.

இரண்டாம் பொருள், வேண்டும்போது கூப்பிட்டு வேண்டாதபோது அனுப்புவது. இதற்கும் திறமைக்கும் என்ன சம்பந்தம்? ஆறு மாதத்தில் வெளியே போகப் போகிறவனுக்கு அச்சு மாற்றும் நுணுக்கத்தை எந்த மேஸ்திரி சொல்லித் தருவார்? அவனுக்குக் கிடைப்பது கதவைத் திறந்து மூடும் வேலைதான். ஆகவே இரண்டாவது வளைவு முதல் வளைவைக் கொல்கிறது. திறமையுள்ள ஆள் இல்லை என்ற குறைக்கு, அக்குறையைக் கூறுவோரே காரணமாகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளி அல்லர் என்கிறது. தமிழ்நாட்டில் 1981இல் இயற்றிய சட்டப்படி, 24 மாதங்களில் 480 நாட்கள் வேலை செய்த தொழிலாளி நிரந்தரமாக்கப்பட வேண்டும். பழகுநருக்கோ அந்த நாள் கணக்கு ஏறுவதில்லை. பக்கத்து மெஷினில் நிற்பவர் அதே பொருளைத்தான் எடுக்கிறார். அவருக்குச் சம்பளம், இவருக்கு உதவித்தொகை! 2019 விதிகள் இத்தொகையைப் படிப்புக்கேற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை வகுத்தன. 36 விழுக்காடு உயர்த்தலாம் என்று மத்தியப் பயிற்சிக் குழு 2025 மே மாதம் பரிந்துரைத்தது. 2016இல் தொடங்கிய ஊக்குவிப்புத் திட்டத்தில், உதவித்தொகையின் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. அது மக்கள் பணம். அதற்கு ஈடாகப் பயிற்சி நடந்ததா என்று கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு.

இது நிற்க. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு, குறித்தகால வேலை முறைக்கு வழி திறந்துவிட்டது. நிரந்தரத் தொழிலாளிக்குள்ள சம்பளமும் சலுகையும் உண்டு, ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டு என்கிறார்கள். வரவேற்கலாம். ஆனால் எத்தனை தடவை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டா? இல்லையே!

வேறு வழியே கிடையாதா? உண்டு. ஜெர்மனியில் பிளாஸ்டிக், ரப்பர்த் தொழிலுக்கு மூன்றாண்டுப் பயிற்சி. ஆலையிலும் படிக்கிறான், பள்ளியிலும் படிக்கிறான். தேர்வுக் குழுவில் முதலாளிகளின் பிரதிநிதிகள் எத்தனை பேரோ, அத்தனை பேர் தொழிலாளர் பிரதிநிதிகள். பயிற்சிக்கால ஊதியத்துக்கு 2020 முதல் சட்டப்படி குறைந்த அளவும் உண்டு. அங்கே முதலாளிகள் அழிந்தா போனார்கள்?

நம்மிடமும் விதை இல்லாமலில்லை. ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு 1968லேயே சென்னையில் தோன்றியது சிப்பெட். பத்தாம் வகுப்பு தேறியவர் மூன்றாண்டில் பிளாஸ்டிக் தொழில்நுட்பத்திலோ அச்சுத் தொழில்நுட்பத்திலோ டிப்ளமா பெறலாம். ஏழைத் தொழிலாளியின் பிள்ளை அங்கே போகட்டும். ஏற்கனவே மெஷின் முன் நிற்கும் தகப்பனுக்கும் சம்பளத்தோடு பயிற்சி கிடைக்கட்டும் என்பதே நம் கோரிக்கை.

தோழர்கள் தத்தம் ஆலையில் கணக்கெடுக்க வேண்டும். பழகுநர் எத்தனை பேர்? 2019 விதிகள் மொத்த ஆட்களில் இரண்டரை முதல் 15 விழுக்காடு வரை என்றன, அதை மீறுகிறார்களா? ஒப்பந்தம் பதிவாகியுள்ளதா? பயிற்சி அலுவலரின் அனுமதியில்லாமல் ஓவர்டைம் வாங்குவதைச் சட்டம் தடுக்கிறது, வாங்குகிறார்களா? பாதுகாப்பு விதிகள் பழகுநருக்கும் உண்டு. கதவின் பாதுகாப்பு விசையைக் கட்டிவைத்துவிட்டு ஓட்டச் சொல்கிறார்களா? விரல் போனால் நஷ்டஈடு அவருக்கும் உண்டு என்பதைச் சொல்லியிருக்கிறார்களா?

அதோடு மூன்று கோரிக்கைகளை வைப்போம். கற்ற ஒவ்வொரு தொழிலுக்கும் கூலி உயரவேண்டும். காலியிடத்தில் அங்கே பழகியவருக்கே முதலிடம் வேண்டும். பயிற்சித் திட்டத்தை வகுக்கும் மேசையில் சங்கத்துக்கு நாற்காலி வேண்டும்.

பிளாஸ்டிக்கையே திரும்பத் திரும்ப உருக்கி வார்த்தால் அதன் வலு குறைந்துபோகிறது. மனிதனை எத்தனை முறை உருக்குவார்கள்? தொழிலைக் கற்போம், நன்றாகவே கற்போம். கற்ற தொழிலுக்கு உரிய கூலியையும் நிலையான இடத்தையும் கேட்டுப் பெறுவோம்.