பழைய விமானங்களும் அவற்றின் சொந்தக்காரர்களும்

செஸ்னா நிறுவனம் தனது பழைய சிறு விமானங்களுக்கான மேலதிகப் பரிசோதனை ஆவணங்களை 2011 இன் இறுதியிலும் 2012 இலும் வெளியிட்டபோது, அவற்றின் சொந்தக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். 1986 ஆம் ஆண்டுக்கு முன்னர் தயாரான விமானங்கள் பற்றிய விவகாரம் அது. பறந்த மணித்தியாலங்களோ கழிந்த ஆண்டுகளோ குறித்த எல்லையைத் தாண்டிவிட்டால், சிறகு உடலோடு இணையும் இடங்கள், வால், விமானியின் கதிரை நகரும் தண்டவாளம் வரை திறந்து பார்க்கவேண்டும் என்றது நிறுவனம். வெடிப்பும் அரிப்பும் இருக்கின்றனவா என்று தேடுவதே நோக்கம்.

இத்தகைய விமானத்தை வைத்திருப்பவர்கள் எல்லோரும் செல்வந்தர்கள் அல்லர். ஒரு நடுத்தரக் காரின் விலைக்கு அதனை வாங்கி, கிழமை முடிவில் பறப்பவர்கள் ஏராளம். பரிசோதனைச் செலவு விமானத்தின் விலையையே எட்டிவிடலாம் என்றால் அவர்களுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? யுத்த காலத்து யாழ்ப்பாணத்தில் ஏ40 கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களைக் கண்டவன் நான். பழைய இயந்திரத்தைத் தன் கையால் காப்பாற்றி வைத்திருப்பவனிடம், அதற்கு வயதாகிவிட்டது என்று சொல்வது அவனது பராமரிப்பையே பழிப்பதாகத்தான் அவனுக்குக் கேட்கும்.

கோபத்தோடு சந்தேகமும் சேர்ந்துகொண்டது. வழக்குகளும் இழப்பீடுகளும் காப்புறுதிச் செலவும் தாளாமல், 1986 இல் செஸ்னா தனது சிறிய விமானங்களின் உற்பத்தியை நிறுத்தியது. 1994 இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. 18 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறு விமானம் விபத்துக்குள்ளானால் தயாரிப்பாளர் மீது வழக்குத் தொடர்வது பெரும்பாலும் இயலாது என்பதே அதன் சாரம். அதன் பின்னர்தான் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. சட்டத்தின் காப்பைப் பெற்ற நிறுவனத்துக்குப் பழைய விமானங்கள் மீது திடீரென ஏன் இந்தக் கரிசனை? புதியவற்றை விற்கவா, பழியைச் சொந்தக்காரர் தலையிலும் திருத்துநர் தலையிலும் சுமத்தவா? இந்தக் கேள்விகளை நான் முற்றாக ஒதுக்கமாட்டேன். ஆனால் நிறுவனத்தின் உள்நோக்கம் எதுவாயினும் உலோகத்தில் வெடிப்பு இருந்தால் இருக்கிறதுதான்.

இதுவரை ஒன்றும் நடக்கவில்லையே என்பது சொந்தக்காரர்கள் அடிக்கடி முன்வைக்கும் வாதம். இதற்குப் பதிலை பைப்பர் விமானங்களின் கதையில் காணலாம். 1987 இல் டெக்ஸாஸில், எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்கப் பறந்துகொண்டிருந்த பைப்பர் ஒன்றின் சிறகு வானிலேயே கழன்றது. உலோகக் களைப்பால் உண்டான வெடிப்பே காரணம். சிறகுகளைக் கழற்றிப் பரிசோதிக்குமாறு உடனே உத்தரவு பிறந்தது. பல விமானங்களைக் கழற்றிப் பார்த்தும் மிகச் சில வெடிப்புகளே அகப்பட்டதால் 1989 இல் உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. சொந்தக்காரர்கள் நிம்மதியடைந்தார்கள். 2018 ஏப்ரலில் புளோரிடாவின் டேற்றோனா பீச்சில் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு விமானத்தின் சிறகு அதே விதமாகக் கழன்றது. உள்ளே ஒரு மாணவரும் அவரைப் பரீட்சித்துக்கொண்டிருந்தவரும் இருந்தார்கள். இருவரும் இறந்தார்கள்.

அந்த விமானம் 2007 இல் தயாரிக்கப்பட்டது. அதன் வயது 11 மட்டுமே. ஆனால் அது பயிற்சி விமானம். ஏறுவதும் இறங்குவதும், தாழப் பறப்பதும், கற்றுக்கொள்பவரின் கையில் தரையில் மோதுவதுமாக 7,000 மணித்தியாலங்களுக்கு மேல் உழைத்தது. சொந்தக்காரர்கள் சொல்வதில் முழு உண்மை இந்த இடத்தில்தான் இருக்கிறது: விமானத்தின் வயதை நாட்காட்டி சொல்லாது, அது செய்த வேலையே சொல்லும். 2021 இல் நடைமுறைக்கு வந்த பைப்பர் உத்தரவு இதனை ஏற்றுக்கொண்டது. வாடகைக்கும் பயிற்சிக்கும் பறந்த மணித்தியாலங்கள் அப்படியே கணக்கில் சேரும். ஏனைய பறத்தலுக்கோ 17 மணித்தியாலங்களே ஒன்றாக எண்ணப்படும். எனக்கு இது நியாயமான கணக்காகப் படுகிறது.

போல்ட்டுகளைக் கழற்றும்போதே துளையின் விளிம்பு கீறுண்டு புதிய வெடிப்புக்கு வழி பிறக்கலாம் என்ற எதிர்வாதமும் வெறும் சாட்டன்று. நோய் பார்க்கப்போய் நோயைக் கொடுப்பது வைத்தியத்திலும் உண்டு. ஆனால் அதற்காகப் பார்க்காமலே இருந்துவிட முடியாது. பயிற்சி பெற்ற கையும் தகுந்த கருவியும் வேண்டும் என்பதுதான் அதிலிருந்து கிடைக்கும் முடிவு.

செஸ்னா ஆவணத்துக்குத் திரும்புவோம். அமெரிக்காவில் தன் சொந்தத் தேவைக்குப் பறப்பவரை அது சட்டப்படி கட்டுப்படுத்தாது. அரசு தனியாக உத்தரவிட்டால்தான் கட்டுப்படுத்தும். அவுஸ்திரேலிய அதிகாரிகளோ அதனைக் கட்டாயமாக்கினார்கள். அதே அவுஸ்திரேலியாவில், 2019 மே மாதத்தில், குயின்ஸ்லாந்தின் மவுண்ட் ஐசாவுக்கு அருகே நிலவளக் கணிப்பில் தாழப் பறந்த செஸ்னா 210 ஒன்றின் சிறகு முறிந்து இருவர் மாண்டார்கள். இரு சிறகுகளையும் தாங்கி உடலின் குறுக்கே செல்லும் சட்டத்தில், அரிப்பினால் குழிந்த ஒரு சிறு புள்ளியிலிருந்து வெடிப்புத் தொடங்கியிருந்தது. வெறும் கண்ணால் பார்ப்பது போதாது, சுழிப்பு மின்னோட்டத்தால் சோதிக்கவேண்டும் என்று அதன் பின்னர் தயாரிப்பாளர் கேட்டார். ஆக, கட்டாயப்படுத்தியவர்களும் இதில் பெருமைப்பட்டுக்கொள்ள இடமில்லை.

தனியே, தன் விமானத்தில், தன் உயிரைப் பணயம் வைத்துப் பறப்பவருக்கு நான் புத்தி சொல்லப்போவதில்லை. ஆனால் அதே விமானம் நாளை ஒரு பயிற்சிக் கழகத்துக்குக் கைமாறும். மணித்தியால வாடகை கொடுத்து ஏறும் பத்தொன்பது வயதுப் பிள்ளை பராமரிப்புப் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பதில்லை. வாடகைக்கும் பயிற்சிக்கும் விடப்படும் விமானங்களுக்கு இப்பரிசோதனைகள் எல்லா நாடுகளிலும் கட்டாயமாகவேண்டும் என்பதே எனது அபிப்பிராயம். ஏனையவர்களிடம் கேட்கவேண்டியது ஒன்றுதான். குறைபாடு கண்டால் நிரப்பித் தயாரிப்பாளருக்கு அனுப்பும் படிவம் ஒன்று இருக்கிறது. அது நிறுவனத்தின் அலுமாரிக்குள் முடங்காமல், எந்த விமானம், எத்தனை மணித்தியாலம், என்ன வேலை, எந்தக் கடற்கரையில் நின்றது என்ற விபரங்களோடு சகல சொந்தக்காரர்களும் பார்க்கும்படி திறந்து வைக்கப்படவேண்டும். ஒன்றும் அகப்படவில்லை என்ற அறிக்கைகளும் அதில் இருக்கவேண்டும். 1989 இல் உத்தரவை விலக்கியவர்களின் கையில் இருந்தவற்றில் பெரும்பாலானவை அத்தகைய அறிக்கைகளே. அந்த விமானங்களில் எவை எவ்வளவு உழைத்தவை என்று அப்போதே பிரித்துப் பார்த்திருக்கலாம்.