இயக்க ஆற்றலும் வருமான வரியும்

மாணவர்களே! நீங்கள் இயற்பியலில் படிக்கும் இயக்க ஆற்றல், வருமான வரிச் சட்டத்திலும் இடம்பெற்றது தெரியுமா? 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2019-இல் 80இஇபி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பிரேக் போடும்போது வண்டியின் இயக்க ஆற்றலை மின்னாற்றலாக மாற்றும் அமைப்பு இருந்தால்தான் அது மின்வாகனம் என்றது அப்பிரிவு. அத்தகைய வண்டி வாங்க 1-4-2019 முதல் 31-3-2023 வரை அனுமதிக்கப்பட்ட கடனுக்கு, ஆண்டுக்கு ரூ.1,50,000 வரையிலான வட்டியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள அது இடமளித்தது.

இச்சலுகை எல்லாருக்கும் ஒன்றுதானா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூவர் ஒரே வகை மின் ஸ்கூட்டரைக் கடனில் வாங்கி, ஆண்டுக்கு ரூ.10,000 வட்டி கட்டுவதாக வைத்துக்கொள்வோம். 30 சதவீத வரி கட்டுபவருக்கு மிச்சம் ரூ.3,000. 5 சதவீதம் கட்டுபவருக்கு ரூ.500. வரி கட்டுமளவுக்கு வருமானம் இல்லாதவருக்கோ பூஜ்யம்! ஆனால் மூன்று வண்டிகளும் ஒரே தூரம் ஓடினால், தெருவில் குறையும் புகை ஒரே அளவுதான்.

2019-இல் தொடங்கிய ஃபேம் இரண்டாம் கட்டத் திட்டம் வேறு வழியில் சென்றது. மின்கலத்தின் ஒவ்வொரு கிலோவாட்-மணிக்கும் இவ்வளவு ரூபாய் என்று வண்டியின் விலையிலேயே குறைத்தது. அங்கே மூவருக்கும் ஒரே தள்ளுபடி.

வரிச் சலுகையே கூடாது என்பதல்ல என் கருத்து. காற்றைக் காக்கத் தரும் சலுகைக்கு அளவுகோல், வாங்குபவரின் வருமானமாக இல்லாமல் வண்டியின் ஆற்றலாக இருப்பதே நியாயம். எதை அளக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஆய்வகத்தில் நாம் கற்கும் முதல் பாடம் அதுதானே?