அரிப்பு நின்றால் நோய் குணமாகிவிட்டதா?

மலையகத்தில் மழைக்காலம் வந்தால் படர்தாமரையும் கூடவே வந்துவிடும். நனைந்த உடையோடு நாள் முழுவதும் கொழுந்து பறிப்பவர்கள், காயாத சீருடையோடு பாடசாலைக்கு வரும் பிள்ளைகள், ஒரே துவாயைப் பலர் பாவிக்கும் லயன் வீடுகள் எனப் பங்கசு பரவ இங்கே வழிகள் ஏராளம். அட்டன், நுவரெலியா நகரங்களில் வாழும் நம் சமூகத்தவரும் இதற்கு விதிவிலக்கல்ல. ஒரு நாள் சம்பளத்தை இழந்து வைத்தியசாலை வரிசையில் நிற்பதைவிட, கடையில் ஒரு கிரீம் வாங்குவதே பலருக்கும் இலகுவாகத் தெரிகிறது.

எந்தக் கிரீம் என்பதுதான் கேள்வி. குளோட்ரிமசோல், மைக்கோனசோல், டெர்பினபின் போன்ற பங்கசு எதிர்ப்பு மருந்து மட்டும் உள்ள கிரீம்கள் பெரும்பாலும் பாதுகாப்பானவை. சிலருக்கு எரிச்சல், சிவத்தல், தோல் உரிதல் ஏற்படலாம். கொப்புளமோ வீக்கமோ வந்தால் நிறுத்திவிட்டு வைத்தியரைக் காண வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் குடிப்பவர்கள் மைக்கோனசோல் பூசும் முன் வைத்தியரிடம் கேட்பது அவசியம்.

உண்மையான ஆபத்து, குளோபெட்டசோல், பெட்டமெதசோன் போன்ற ஸ்டீரொய்ட் கலந்த கிரீம்களில் இருக்கிறது. ஸ்டீரொய்ட் தோலின் எதிர்ப்பை அடக்குவதால் இரண்டே நாளில் அரிப்பும் சிவப்பும் குறையும். ஆனால் பங்கசு சாகாது, தடையின்றிப் பரவும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பும். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும். தொடையிடுக்கில் அழியாத கோடுகள் விழும்.

இந்தியா இதற்கு விலை கொடுத்திருக்கிறது. அங்கே இத்தகைய கலவைக் கிரீம்கள் தாராளமாக விற்கப்பட்டன. 2018இல் பல ஸ்டீரொய்ட் கிரீம்களை வைத்தியரின் சீட்டின்றி விற்க முடியாதபடி அந்நாட்டு அரசு விதியை மாற்றியது. அதற்குள் டெர்பினபினுக்கும் அடங்காத ஒரு பங்கசு பரவியிருந்தது. 2020இல் அதற்கு ட்ரைகோபைட்டன் இண்டோடினியே என்று பெயரிட்டார்கள். ஸ்டீரொய்ட் கலவைகளின் தவறான பாவனையும் அதன் பரவலுக்கு ஒரு காரணம் என நிபுணர்கள் கருதுகின்றனர். 2023இல் அது நியூயோர்க்கிலும் பதிவானது. அவ்வளவு தூரம் போன கிருமிக்கு இலங்கை தொலைவல்ல.

செய்ய வேண்டியவை எளியவை. கழுவி, நன்றாகத் துடைத்து, காய்ந்த தோலில் மெல்லியதாகப் பூசுங்கள். வளையத்தின் ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்றிமீற்றர் வரை பூசுங்கள். தழும்பு மறைந்த பின்னும் ஒன்றிரண்டு வாரம் தொடருங்கள். வுழூச் செய்த பின் கால்விரல் இடுக்குகளைத் துடையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் இருந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் சிகிச்சை பெறுங்கள். பிள்ளைகளின் தலையிலோ நகத்திலோ வந்தால் கிரீம் மட்டும் போதாது. பெரும்பாலும் மாத்திரை தேவைப்படும். நீரிழிவு நோயாளரும் கர்ப்பிணிகளும் தாமாக மருந்து தெரிவு செய்யக்கூடாது. இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கே சிகிச்சை இலவசம்.

நகரங்களில் வியாபாரம் செய்யும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. தோட்டத்திலிருந்து வரும் ஒரு தாய் உங்களை நம்பித்தான் கையை நீட்டுகிறாள். அந்த நம்பிக்கை ஓர் அமானிதம். "உடனே நிற்கும்" என்று ஸ்டீரொய்ட் கலவையைக் கொடுப்பதைவிட, "இதற்கு வைத்தியரின் சீட்டு வேண்டும்" என்று சொல்லி அனுப்புவதே அவளுக்குச் செய்யும் உதவி.