'இன்ட்ரோ கொடு': கல்லூரியின் பாரம்பரியத்தை ஜூனியருக்கு யார் சொல்லித் தருவது?

உங்கள் வீட்டில் இந்த ஆண்டு யாராவது கல்லூரியில் சேர்ந்திருக்கிறார்களா? தம்பியோ, தங்கையோ, சித்தப்பா பையனோ? அப்படியென்றால், முதல் சில வாரங்களில் அவர்களுக்கு இரண்டு அறிமுகங்கள் நடக்கலாம்.

ஒன்று, பகலில் ஆடிட்டோரியத்தில். துணைவேந்தர் பேசுவார், பிபிடி ஓடும், பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்னொன்று, இரவில் ஹாஸ்டல் ரூமில். "இன்ட்ரோ கொடு" என்று ஆரம்பிக்கும். "இது நம்ம காலேஜ் டிரெடிஷன்டா" என்று முடியும்.

உங்கள் முதலாம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். இதில் எது ஞாபகம் இருக்கிறது?

ஜாதவ்பூரின் இரண்டு கதைகள்

கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். 1905-ல் கர்சன் வங்காளத்தைப் பிரித்தபோது மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்களைத் தடுக்காத கல்லூரிகளுக்கு அரசு உதவி நிறுத்தப்படும் என்று ஆங்கிலேய அரசு சுற்றறிக்கை விட்டது. 'உங்கள் கல்வியே வேண்டாம், நாங்களே நடத்திக்கொள்கிறோம்' என்ற கோபத்தில் 1906-ல் பிறந்தது தேசியக் கல்விக் கழகம். அது தொடங்கிய கல்லூரியின் முதல் முதல்வர், பின்னாளில் புதுச்சேரிக்கு வந்த அதே அரவிந்தர்தான். அந்தக் கழகத்தின் தொடர்ச்சியாகத்தான் 1955-ல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் உருவானது.

இரண்டாவது கதை, 2023 ஆகஸ்ட் மாதம். வங்க இலக்கியம் படிக்க வந்த ஒரு முதலாம் ஆண்டு மாணவர், அதே பல்கலைக்கழகத்தின் விடுதி பால்கனியிலிருந்து விழுந்து உயிரிழந்தார். விடுதிக்கு வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. ராகிங் புகாரில் கைதானவர்களில், படிப்பை முடித்துவிட்டும் விடுதியில் தங்கியிருந்த முன்னாள் மாணவர்களும் இருந்தார்கள்.

அதிகாரத்துக்குப் பணிய மறுத்த மாணவர்களால் உருவான இடம் அது. ஆனால், 'சீனியர் சொன்னால் செய்யணும்' என்பதுதான் ராகிங்கின் முதல் பாடமே. அப்படியிருக்க, இதற்குப் 'பாரம்பரியம்' என்று எப்படிப் பெயர் வைக்க முடியும்?

சட்டம் என்ன சொல்கிறது?

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு கசப்பான முன்வரலாறு உண்டு. 1996-ல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகு, 1997-ல் ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டமே இங்கே வந்தது. நாடு முழுமைக்குமான யுஜிசி விதிகள் 2009-ல் வந்தன. குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் எஃப்ஐஆர் பதிய நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும். மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். ஜூனியர்களைத் தொல்லை செய்ய சீனியர்கள் நடத்தும் வாட்ஸ்அப் குழுக்களும் ராகிங்தான் என்று 2025-ல் யுஜிசி தெளிவுபடுத்தியது.

2019-ல் 'தீக்‌ஷாரம்ப்' என்ற பெயரில் புதுமுக மாணவர் அறிமுகத் திட்டத்துக்கான வழிகாட்டியையும் யுஜிசி வெளியிட்டது. நிறுவனத்தின் பண்பாட்டைத் தெரிந்துகொள்வது, ஆசிரியரோடும் சக மாணவரோடும் பழகுவது எல்லாம் அதில் உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் அதை ஒரே நாள் விழாவாக்கி, குத்துவிளக்கு ஏற்றி முடித்துவிட்டால், மீதிக் கதையைச் சொல்லும் வேலை தானாகவே ஹாஸ்டலுக்குப் போய்விடும்.

அப்போ சீனியரே வேண்டாமா?

வேண்டும். வேற மாநிலத்திலிருந்து, பாஷை தெரியாமல் வந்து இறங்கும் ஒரு பிள்ளைக்கு மெஸ் நேரத்திலிருந்து எந்தப் பேராசிரியரிடம் எதைக் கேட்கலாம் என்பது வரை சொல்ல ஆள் தேவை. வேலை தேடும்போது ரெஃபரல் கொடுப்பவரும் அதே சீனியர்தான், இல்லையா? 'ராகிங் இருந்தால்தான் நெருக்கம் வரும்' என்ற வாதம் இந்தத் தேவையைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. சீனியரை விலக்குவது தீர்வல்ல. சீனியர் பேசும் இடத்தைப் பகலுக்கும் பொதுவெளிக்கும் கொண்டுவருவதுதான் தீர்வு. புதியவர்களையும் சீனியர்களையும் ஒன்றாக உட்கார வைத்து நிகழ்ச்சிகள் நடத்தச் சொல்லி 2009 விதிகளும் வலியுறுத்துகின்றன.

பயமுறுத்தாத பாரம்பரியங்களும் இந்தியாவில் நிறைய உண்டு. தாகூர் நிறுவிய விஸ்வபாரதியில் மரத்தடியில் வகுப்பு நடக்கும். பட்டமளிப்பில் ஏழிலைப்பாலை மர இலையைக் கொடுப்பார்கள். அதைத் தொடர்வதற்கு எந்த மாணவரும் நள்ளிரவில் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை.

ஒரு வழக்கம் பாரம்பரியமா, ராகிங்கா என்று குழப்பமாக இருந்தால் இரண்டு கேள்விகள் போதும். இதை ஆசிரியர் முன்னால், அப்பா அம்மா முன்னால் செய்ய முடியுமா? 'எனக்கு வேண்டாம்' என்று ஜூனியர் சொன்னால், அதோடு விட்டுவிடுவார்களா?

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் பழைய பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் 'நம்ம காலத்துல எல்லாம் எப்படி இருந்துச்சு தெரியுமா' என்று யாராவது ராகிங்கைப் பெருமையாக எழுதினால், சிரிப்பு எமோஜி போடுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். அதைப் படிக்கும் இன்றைய சீனியருக்கு அது ஒரு அனுமதி.

தேசிய ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. தம்பி, தங்கையின் போனில் சேவ் பண்ணச் சொல்லுங்கள். இன்று இரவு பேசும்போது "சாப்பிட்டியா?" என்பதோடு நிறுத்தாமல், "நைட்ல யாராவது ரூமுக்குக் கூப்பிடுறாங்களா?" என்றும் கேளுங்கள்.